ஒரே சட்டியில் ஐந்து கரண்டி

ஜுமுன்ஜின் துறைமுகத்தில் கணவாய் மீன் பிடிக்கும் படகு ஓட்டும் டோக்மன் புயலுக்குப் பயந்ததில்லை. இன்று ஒரு மீன் குழம்புச் சட்டிக்குப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

அரசாங்க உடல் பரிசோதனைக் கடிதம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். வந்ததையெல்லாம் மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தவர் அவர். இந்தத் தடவை மனைவி ஓக்பூன் காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். வயிற்றில் புற்றுநோய், நகக்கண் அளவு. நல்லவேளை, ஆரம்பத்திலேயே அகப்பட்டது. வாய்வழியாகக் குழாய் விட்டே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"ஐயா, உங்க வயித்துல ரெண்டு கிருமி கூட்டுக் குடித்தனம் நடத்துது," என்றாள் டாக்டரம்மா. "ஒண்ணு பாக்டீரியா, இன்னொண்ணு வைரஸ். பாக்டீரியா புண்ணாக்குது, அந்தப் புண்ணு வைரஸுக்கு வசதியாப் போயிடுது. அப்படித்தான் நாங்க சந்தேகப்படறோம். வைரஸ விரட்ட மருந்து கிடையாது. பாக்டீரியாவ விரட்டிடலாம். ரெண்டு வாரம் மாத்திரை. ஒரு சொட்டு சாராயம் கூடாது."

"இது எப்படிம்மா வந்துச்சு?"

"எச்சில்லதான். அனேகமா சின்ன வயசுலயே வந்திருக்கும். பாதி ஊருக்கு அந்த பாக்டீரியா இருக்கு, வைரஸ் கிட்டத்தட்ட எல்லாருக்குமே இருக்கு. சில பேருக்குத்தான் வம்பாகுது."

மனுஷனுக்குக் காதில் விழுந்தது 'எச்சில்' மட்டும்தான். முப்பது வருஷமாக ஒரே சட்டியில் கரண்டி விட்டுச் சாப்பிட்ட கூட்டாளிகள்! விஷயம் தெரிந்தால் பக்கத்தில் சேர்ப்பார்களா? ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மகள் வீட்டுக்கு சியோல் போயிருந்ததாகப் புளுகிவைத்தார்.

மாத்திரை தொடங்கிய பதின்மூன்றாம் நாளில் வந்து சேர்ந்தது சில்போக்கின் அறுபதாம் பிறந்தநாள். படகில் வலது கை, தம்பி மாதிரி. போகாமல் இருக்க முடியுமா? டோக்மன் காலி சோஜு சாராய பாட்டில் ஒன்றைக் கழுவி, தண்ணீரை நிரப்பி, கோட்டுக்குள் செருகிக்கொண்டார். மகா மூளை!

சாப்பாட்டுக் கடையில் கூட்டாளிகள் ஐந்து பேரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். காரசாரமாகக் கொதித்தது காட் மீன் குழம்பு. நான்கு கரண்டிகள் பாய்ந்தன. டோக்மன் கிம்ச்சி ஊறுகாயையே கொறித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டு, தன் பாட்டிலில் இருந்து தானே ஊற்றிக் குடித்தார். வயிறு கூவியது. பாவம், வாயைக் கட்டினால் மூக்கையும் கட்ட முடியுமா?

"என்னண்ணே, குழம்பு உங்கள என்ன பண்ணிச்சு?" என்றான் சில்போக். "தனியா ஊத்திக் குடிக்கறீங்க வேற. நான் செத்தா போயிட்டேன்? கொண்டாங்க அந்த கிளாஸ!"

கிளாஸைப் பிடுங்கினான். பாட்டிலையும் பிடுங்கி ஊற்றி, வாய்க்குக் கொண்டுபோனான்.

"டேய், அதுல வாய வெக்காத!" டோக்மன் பாய்ந்து தட்டிவிட்டார். சில்போக்கின் புதுச் சட்டை நனைந்தது. அவன் சட்டையை மோந்து பார்த்தான்.

"அண்ணே, இது வெறும் பச்சத் தண்ணி! என் அறுபதுக்கு வந்து தண்ணியா குடிக்கறீங்க? என் கிளாஸும் வேணாம், என் சட்டியும் வேணாம். நான் என்ன தப்பு பண்ணேன்?"

அதற்குமேல் டோக்மனால் தாங்க முடியவில்லை. புற்றுநோய், குழாய், பாக்டீரியா, வைரஸ், எச்சில், பாதி ஊர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

சில்போக் எழுந்து கடைக்காரம்மாவைக் கூப்பிட்டான். "அக்கா, கிண்ணமும் அகப்பையும் கொண்டாங்க!"

முதல் கிண்ணம் டோக்மன் முன்னால் வந்தது. தனிக் கிண்ணம். அவ்வளவுதான், ஒதுக்கிவிட்டார்கள். கோட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?" சில்போக் இரண்டாவது கிண்ணத்தைத் தனக்கு முன்னால் வைத்தான். மூன்று, நான்கு, ஐந்து. எல்லார் கரண்டியும் சட்டியை விட்டு வெளியே வந்தது. அகப்பையை உள்ளே விட்டு, பிறந்தநாள்காரனுக்கென்றே வைத்த மீன் தலையை எடுத்து டோக்மன் கிண்ணத்தில் போட்டான்.

"பாதி ஊருக்கு இருக்குதுன்னா, இந்த அஞ்சு பேருல உங்களத் தவிர இன்னும் ஒண்ணரை ஆள் இருக்கோம். அந்த முழு ஆள் நானாத்தான் இருப்பேன். என் வீட்லயும் அந்தக் கடுதாசி கெடக்குது. திங்கக்கிழமை உங்ககூட நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன், எனக்கும் குழாய விடச் சொல்லுங்க."

"மிச்ச அரை ஆள் யாருடா?" என்றார் ஒருவர்.

"உன்னப் பாத்தாலே தெரியலயா?"

கடையே சிரித்தது. சில்போக் ஐந்து கிளாஸில் தண்ணீர் ஊற்றி, தன் பங்கை மருந்து குடிப்பவன் மாதிரி முகத்தைச் சுளித்துக் குடித்தான்.

டோக்மன் மூக்கை உறிஞ்சினார். காரம் அதிகம் என்று சமாளித்தார். பிறகு காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னொரு அகப்பை போடுடா."