வடிவுக்காகச் சாப்பிட்டவர்கள்

ஆவாரங்கரையில் நோயாளிகள் மருந்து சாப்பிடுவதில்லை. அவர்களுக்காக வீட்டில் வேறொருவர் சாப்பிடுவார், நோயாளிக்குக் குணமாகும். பால்குடிக்கிற பிள்ளைக்குச் சளி பிடித்தால் தாய் கஷாயம் குடித்துப் பத்தியம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு. ஆவாரங்கரையில் அந்தப் பழக்கம் பால்குடியோடு நிற்கவில்லை, அவ்வளவுதான். மருந்தின் நல்லது நோயாளிக்கு, கெட்டது தின்றவருக்கு. தின்கிறவர் நோயாளியைத் தன் ஆள் என்று மனசார நினைக்க வேண்டும், இல்லையென்றால் கேட்காது. ஆளில்லாதவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

வடிவுக்கு நரம்பில் வியாதி. நரம்பின் மேலுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற வியாதி. கொல்லவும் செய்யாது, விடவும் செய்யாது. பொழுது சாய்ந்தால் இரண்டு கால்களும் முறுக்கிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிவதுபோல யாரோ தொடையிலிருந்து பிழிவார்கள். டம்ளரைப் பிடித்தால் பாதிக் காபி சேலையில் இருக்கும். அவள் புருஷன் பிச்சையா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வருஷக்கணக்காக அவளுடைய மாத்திரைகளை அவன்தான் விழுங்கிவந்தான். அதில் அவன் வயிறு புண்ணாகிவிட்டது. அந்தப் புண்ணுக்கான மாத்திரையை வடிவு விழுங்கினாள். அதில் அவளுக்கு வாய் கசந்தது. கல்யாணம் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

பிறகு மாத்திரைகள் கேட்காமல் போயின. சித்த மருத்துவர் மங்கையர்க்கரசி வடிவின் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கஞ்சா லேகியம். சர்க்கார் அனுமதியோட செய்யுறதுதான், பயப்படாதீங்க. சாயங்காலம் ஒருவேளை, சுண்டைக்காய் அளவு. முறுக்கு விட்டுரும்."

"கெட்டது என்ன?" என்று வடிவு கேட்டாள். அந்த ஊரில் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி அது.

"சாப்பிடுறவருக்கு மறதி வரும்."

"எது மறக்கும்?"

"அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒருத்தருக்கு நீச்சல் மறந்தது. ஒருத்தருக்கு மூத்த மகளே மறந்துட்டா. உங்களையே மறந்துட்டார்னா மருந்தும் உங்ககிட்ட வராது. யோசிச்சுச் செய்யுங்க."

திரும்பி வரும்போது பிச்சையா ஓட்டிய, பிள்ளைகள் இல்லாத வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வடிவு யோசித்தாள். வலியை அவளுக்கு நன்றாகத் தெரியும். பிச்சையாவையும் நன்றாகத் தெரியும். இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவது என்பது பார்த்தால் சுலபமான கணக்கு. ஆனால் சாயங்காலம் ஆக ஆக அந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

"வேண்டாம்" என்றாள். "கஞ்சா திங்கான்னு ஊரு பேசும். பிள்ளைகள ஏத்துத வண்டி."

"ஊரா வந்து உன் காலப் பிடிச்சுவிடுது?" என்றான் பிச்சையா.

"என்னைய மறந்துட்டியன்னா?"

"உன்னைய எப்படிட்டி மறக்க? எந்நேரமும் கண்ணு முன்னாலதான கெடக்க."

கேலிக்குத்தான் சொன்னான். இருந்தாலும் அவளுக்குச் சுருக்கென்றது. ஜாடியை உப்பு ஜாடிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள்.

அது அங்கே கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் பிச்சையா வீட்டுக்கு வந்தபோது வடிவு அடுப்படியில் தரையில் கிடந்தாள். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று முந்தானையை வாய்க்குள் திணித்திருந்தாள். அவன் உப்பு ஜாடியை நகர்த்தினான். ஜாடியைத் திறந்தான், விரலால் வழித்துத் தின்றான்.

கால்கள் அவிழ்ந்தன. வடிவு எழுந்து நின்றாள். அடுப்பைப் பற்றவைத்து அப்பளம் பொரித்தாள். மொட்டைமாடிக்கு ஏறிப்போய்க் காய்ந்த துணிகளைத் தன் கையால் எடுத்து மடித்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருப்பது வெட்கமாகவும் இருந்தது. கீழே பிச்சையா மின்விசிறியைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவனுக்குப் பால்காரர் பெயர் மறந்திருந்தது. அதற்கு மறுநாள் மாடிப்படி மறந்தது. மேலே நின்றவனை வடிவு கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிவந்தாள். பிறகு பள்ளிக்கூடம் மறந்தது. வேனை ஒழுங்காக ஓட்டினான், பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலில் ஒழுங்காக ஏற்றினான். எங்கே கொண்டுபோவது என்று தெரியாததால் குளத்தைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப அவரவர் வாசலில் இறக்கிவிட்டான். பிள்ளைகள் யாரும் புகார் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தார் வேனை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அன்றிலிருந்து லேகியத்தை உருட்டுகிற வேலையை வடிவு எடுத்துக்கொண்டாள். கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள்.

"நான் யாரு?"

"வடிவு."

"வடிவுன்னா?"

"எம் பொண்டாட்டி. கேக்குத கேள்வியப் பாரு."

பதில் சட்டென்று வந்தால் சுண்டைக்காய் அளவு உருட்டினாள். யோசித்து வந்தால் மிளகளவு. மிளகளவுக்குப் பாதி வலிதான் போகும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு காலை வரை புரளுவாள். இன்றைக்கு வலியா, புருஷனா என்று பொழுது சாயும்போதெல்லாம் அவள் நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நிறுவையே ஒரு வலியாக இருந்தது. ரொம்ப முடியாத நாட்களில் தாலியை எடுத்து வெளியே தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு கேட்டாள். அது ஏமாற்று என்று அவளுக்கே தெரியும்.

மழை பிடித்த ஒருநாள் மத்தியானத்திலேயே கால்கள் முறுக்கத் தொடங்கின. அன்றைக்கு இடுப்புவரை ஏறியது. பிச்சையா கட்டிலில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் தாலியை வெளியே எடுத்துப் போட்டாள்.

"நான் யாரு?"

அவன் அவளை அன்பாகப் பார்த்தான். "எங்கம்மை" என்றான்.

பிச்சையாவின் அம்மா ஆவுடையம்மை, புருஷன் செத்துச் சில வருஷம் கழித்து, மூட்டுவலியோடு அதே கட்டிலில் கிடந்து செத்துப்போனவள். அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்த பிச்சையா வடக்கே போயிருந்தான். வடிவுதான் மாமியாருக்காக மருந்து தின்றாள். வேளை தவறாமல் தின்றாள். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று ஆவுடையம்மைக்கும் தெரியும், வடிவுக்கும் தெரியும். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

மருந்தை அன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இடுப்பில் பிழிகிறபோது யாருக்கும் நிதானம் இருக்காது. அம்மையும் தன் ஆள்தானே, பொண்டாட்டியைவிட ஒருபடி மேல்தானே என்று வடிவு நினைத்தாள். நெல்லிக்காய் அளவு உருட்டி அவன் வாயில் போட்டாள்.

கால்கள் அவிழவில்லை. விடிகிறவரை அவிழவில்லை. பிச்சையா சிரித்த முகத்தோடு தூங்கினான்.

காலையில் ஆவுடையம்மை வந்து கதவைத் தட்டினாள். ஆற்றங்கரையில் புதைக்கும்போது உடுத்திவிட்ட சுங்குடிச் சேலை கரண்டைவரை சகதியாக இருந்தது.

"நேத்து மூட்டு பொசுக்குன்னு விட்டுட்டு" என்றாள். "அதான் நடந்தே வந்துட்டேன். இல்லாட்டா ஆத்தங்கரையிலேருந்து நம்மால நடக்க ஏலுமா?"

"வாம்மா" என்றான் பிச்சையா. "காபி குடிக்கியா?"

மூன்று டம்ளர் கொண்டுவந்தான். ஒன்றை அம்மாவிடம் கொடுத்தான். இன்னொன்றைக் கட்டிலுக்கு அருகே நீட்டி, "நீங்களும் குடிக்கியளா?" என்று வடிவிடம் கேட்டான்.

"ஏல, பொண்டாட்டியப் போயி யாராவது நீங்கன்னு கூப்பிடுவானா?" என்றாள் ஆவுடையம்மை.

பிச்சையா வடிவைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தான். "அப்படியா? தெரியாமப் போச்சு. தப்பா நெனைக்காதீங்க" என்றான். அந்நியப் பெண் இருக்கிற இடத்தில் ஆண்கள் செய்கிறபடி நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

வடிவு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வலியில் அழுகிறாளா, வேறெதற்காவது அழுகிறாளா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருந்த புருஷனையும் கொடுத்தாயிற்று, வலியும் போகவில்லை.

ஆவுடையம்மை காபியைக் குடித்துவிட்டு ஜாடியை மோந்து பார்த்தாள். "இது யாருக்கு?"

"எனக்குத்தான் அத்தை. இனி திங்க ஆளில்ல."

ஆவுடையம்மை அளவொன்றும் கேட்கவில்லை. இரண்டு விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம் அத்தை, கேக்காது" என்றாள் வடிவு. தான் தின்ற மருந்து இந்தக் கிழவியிடம் ஏன் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தவள் வேறென்ன சொல்வாள். மாமியாரின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மருந்து கேட்கிறதா என்று அவள் இப்படிப் பயந்து காத்திருந்ததே இல்லை. கேட்காவிட்டால் அது நியாயம்தான் என்றும் நினைத்துக்கொண்டாள்.

முதலில் இடதுகால் பெருவிரல் அசைந்தது. கெண்டைக்கால் இளகியது. பிறகு தொடை, பிறகு இடுப்பு. பிச்சையா முதல்முதலாகத் தின்ற அன்றுகூட இவ்வளவு முழுசாக அவிழ்ந்ததில்லை. வடிவு எழுந்து உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"இந்தா, அழுதது போதும். எந்திச்சு மூஞ்சியக் கழுவு" என்றாள் ஆவுடையம்மை. உயிரோடு இருந்தபோதும் மருமகளை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவாள்.

அதற்குள் அவளுக்கு மறதி தொடங்கியிருந்தது. அவள் முதலில் மறந்தது, தான் செத்துப்போனதை. அடுப்படிக்குள் போய், சாமான்களை யார் இடம் மாற்றி வைத்தது என்று சத்தம் போட்டாள். உலைப்பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள்.

"வயலுக்குப் போன உங்க மாமாவ இன்னும் காணல" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "எத்தன பேருக்கு அரிசி போட?"

"நாலு பேருக்குப் போடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வடிவு தட்டுகளைக் கழுவப் போனாள்.