கீழ்ப்பாளையம் சபையின் சந்தா பாக்கி

கீழ்ப்பாளையம் மெதடிஸ்ட் சபை தன் மேலிடமான மெட்ராஸ் டிஸ்ட்ரிக்டுக்குக் கட்டவேண்டிய சந்தா பாக்கி அறுபத்துமூன்று ரூபாய் நாலணா. அந்தப் பாக்கியைக் கேட்க ஆள் வரும் நாட்களில் மட்டும் சபையின் கோயில் தரையில் நின்றது. மற்ற நாட்களில் ஒரு முழம் மேலே இருந்தது.

ஆந்திர ராஜ்யம் பிரிந்த வருஷம் சபைகளையும் பிரித்தார்கள். தமிழ்ச் சபைகள் மெட்ராஸ் டிஸ்ட்ரிக்டோடு நின்றன, தெலுங்குச் சபைகள் புது டிஸ்ட்ரிக்டுக்குப் போயின. கீழ்ப்பாளையத்தில் பாட்டு தமிழிலும் ஜெபம் தெலுங்கிலும் நடந்ததால், அடுத்தவர் எடுத்துக்கொள்வார் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். எந்தப் பாதிரி ஐயர் எந்த ஊருக்கு என்று சபைக் கான்பரன்சில் வாசித்தபோது இந்த ஊர்ப் பெயர் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில், சுவரும் ஓடும் மணியுமாகத் தரையைவிட்டு எழும்பியது. அடியில் கோழிகள் போய்ப் படுத்தன. நெல் மூட்டை அப்போது பதினெட்டு ரூபாய்.

மெட்ராஸ் ஆபீசில் பெயரை எடுத்தார்களே தவிர பாக்கியை எடுக்கவில்லை. வசூல்காரர் ரங்கையா மூன்று மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து, வாசலில் நின்று, "பாக்கி எப்போ கட்றீங்க?" என்பார். கோயில் மெல்ல இறங்கி உட்காரும். அவர் ஏரிக்கரை தாண்டினதும் மறுபடி எழும்பும். ஒரு வருஷம் கடலை நன்றாக விளைந்து சபையார் பத்து ரூபாய் கட்டப் போனார்கள். ரூபாய் கை மாறினதும் தரையில் இருந்த கோயில் ஒரு சாண் ஏறியதைப் பார்த்து ரங்கையாவே ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு யாரும் கட்டவில்லை. அவருக்குச் சோறு மட்டும் குறைவில்லாமல் போட்டார்கள்.

ரோடு வேலைக்குப் போகும் பச்சையம்மாள் தன் மகள் கிருபைக்குக் காளஹஸ்தியில் மாப்பிள்ளை பார்த்தாள். மாப்பிள்ளையின் தாய் ரத்தினம்மா வந்து, கோயிலுக்கு அடியில் குனிந்து கோழிகளைப் பார்த்தாள்.

"கல்யாணத்தன்னிக்கி இது தரையில இருக்கணும். இல்லன்னா வேற எடம் பாத்துக்கோங்க" என்றாள்.

பச்சையம்மாள் மறுநாளே கிளம்பினாள். ரேணிகுண்டாவில் ரங்கையா வீட்டைத் தேடிப் போனாள்.

"அண்ணா, வேயாழக்கெழம கல்யாணம், வந்து எங்கள பாக்கி கேளு. நல்லா திட்டினாகூட சரி."

"இனிமே கேக்கறதுக்கு இல்லம்மா" என்றார் ரங்கையா. எல்லைத் தகராறு தீர்ந்துவிட்டது. திருத்தணி அந்தப் பக்கம் மெட்ராசுக்கு, சத்தியவேடு இந்தப் பக்கம் ஆந்திராவுக்கு. எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பாக்கிகளைச் சபையில் வாசித்துத் தள்ளுபடி செய்துவிட்டு வா என்று ஆபீசில் காகிதம் கொடுத்திருந்தார்கள். "வாசிச்சா முடிஞ்சிபோச்சி."

"வாசிக்கிற வரிக்கும் பாக்கி இருக்குதில்ல?"

ரங்கையா காகிதத்தை மறுபடி பார்த்தார். "இருக்குது."

வியாழக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வேறு சபையிலிருந்து தயவுக்கு வந்த ஐயர் கல்யாணத்தை நடத்த, பையில் தள்ளுபடிக் காகிதம் இருந்ததால் ஒருமுறை கேட்டது போதாமல், ரங்கையா கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து எழுந்து பாக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரசங்கம் நீண்டது. அவருக்குத் தொண்டை கட்டியது, தரை லேசாக ஆடியது. பச்சையம்மாள் ஓடிப்போய் சோடா உடைத்துக் கொடுத்தாள்.

"இன்னும் எவ்ளோ நேரம் பேசிக்கினு இருப்பாரு?" என்று ரங்கையா முனகினார்.

"நீ கேட்டுக்கினே இரு அண்ணா."

தாலி ஏறியது. ரிஜிஸ்டரில் கையெழுத்தின் மை காய்ந்த பிறகு ரங்கையா காகிதத்தைப் பிரித்தார். அறுபத்துமூன்று ரூபாய் நாலணா தள்ளுபடி என்று வாசித்தார். கோயில் எல்லோரையும் வைத்துக்கொண்டே எழும்பி, பழைய முழத்தில் நிற்காமல், இரண்டு ஆள் உயரத்துக்குப் போய் நின்றது. ஜன்னலில் நகரி மலை தெரிந்தது.

ரத்தினம்மா வெற்றிலைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சம்பந்தி, இப்போ எறங்கறது எப்பிடி?"

"ரெண்டு ஏணிய முன்னமே ஒண்ணா கட்டி வச்சிக்கிறேன்" என்றாள் பச்சையம்மாள். கீழே சமையல்காரர்கள் அதைத் தூக்கிவந்து வாசலில் சாத்தினார்கள். "நீங்க மொதல்ல எறங்குங்க. எல போட்டாச்சி."