இமெல்டாவுக்கு மீன் ஒத்துவராது

...அதுவும் பச்சையாக, அடுப்பையே காணாத மீன், இதைத் தின்னத்தான் மகள் டயனா போன கிழமையே மேசை சொல்லி வைத்தாளாம், தகப்பனுக்குப் பிறந்தநாள் விருந்தாம், சுவிஸ் லோசானில் வேறு கடையே இல்லாத மாதிரி... வீட்டடியில் இருக்கிற இந்தக் கொரியன் கடையைக் கடந்துதான் இமெல்டா தினமும் வேலைக்குப் போகிறாள், ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை, இன்றைக்கு மட்டும் ஏன் வந்தாள்? மத்தியானம் மன்னாரிலிருந்து அண்ணன் போன் எடுத்ததால்தான், வீட்டில் தனியே இருந்தால் அதையே நினைக்க வேண்டும், இங்கே வந்தும் அதைத்தானே நினைக்கிறாள். மரித்தவர்களின் திருநாள் பூசையில் தம்பி நிக்சனுடைய பெயரையும் வாசிக்க வேண்டுமாம். "நீ ஒராள்தான் மறிக்கிறாய் பிள்ளை, நாளைக்குப் பங்குச் சுவாமியிட்டச் சொல்லோணும், ஓம் எண்டு சொல்லு." ஓம், மறிக்கிறாள்தான். அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறின தம்பி, வள்ளம் போய்ச் சேரவில்லை, சரி, ஆனால் அவன் செத்ததை யார் கண்டது? ஏதாவது தீவில், ஏதாவது முகாமில், வேறு பெயரில்... இருக்கிறவனை எப்படிச் செத்தவர்களோடு சேர்த்து வாசிப்பது?

கடைக்காரப் பெண் பெரிய தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், சூரை மீனாம், பாதி உறைந்தபடி சிவப்புச் சிவப்பாய்த் துண்டுகள். அம்மாவுக்கு மீன் அலர்ஜி என்று டயனா பிரெஞ்சில் சொன்னாள். அப்படித்தான் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தது. மன்னார்க் கடற்கரையில் பிறந்தவளுக்கு மீன் ஒத்துவராதாம், நல்ல கதை. வள்ளத்தின் செய்தி நின்றுபோன நாளிலிருந்து அவர்கள் வீட்டில் ஒருவரும் மீனைத் தொடவில்லை, கடலில் போனவனின் உடல் கிடைக்காவிட்டால் அங்கே அப்படித்தான், அந்த மீன் எதைத் தின்றதோ என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். பிறகு அண்ணன் வீட்டில் பிள்ளைகளுக்காகச் சமைக்கத் தொடங்கினார்கள், அம்மாகூடக் கொஞ்சம் சாப்பிட்டாவாம், இவள் மட்டும்தான் இன்னும். கணவர் றேமன்ட் குச்சியால் முட்டைக்கோவா ஊறுகாயைக் கிளறிக்கொண்டிருந்தார், சண்டைக்குப் போகிற மனிதர் இல்லை, மெதுவாகத்தான் கேட்டார். "நிக்சன் உயிரோட இருக்கிறான் எண்டு நீர்தானே சொல்லுறனீர். அப்ப ஏன் மீன் சாப்பிடுறீர் இல்லை?"

பிறந்தநாளும் அதுவுமாய்க் கேட்கிற கேள்வியைப் பார். கோபம் வந்தது. இத்தனை வருடமாய் அண்ணனோடு போனில் மல்லுக்கட்டிவிட்டு, போனை வைத்ததும் மீனில்லாமல் சோற்றைப் பருப்போடு பிசைந்தவள் அவள்தானே, அப்படியென்றால் யார் அவனைச் சாகடித்தது? சரி, தின்றால் போயிற்று, தம்பி இருக்கிறான், மீன் வெறும் மீன், தின்றுவிட்டு நாளைக்கு அண்ணனிடம் துணிந்து மாட்டேன் என்று சொல்லலாம்... ஒரு துண்டை எடுத்தாள். "அம்மா, உங்களுக்கு அலர்ஜியெல்லோ?" என்றாள் டயனா. "பரவாயில்லை." செபிக்காமல் அவள் எதையும் வாயில் வைத்ததில்லை, கண்ணை மூடிச் சிலுவை போட்டுச் சாப்பாட்டுச் செபத்தைத் தொடங்கினாள், சின்ன வயதிலிருந்து சொல்வது, நாக்கு தன்பாட்டில் ஓடும், ஓடியது, ஓடி முடிகிற இடத்தில்தான் காதில் விழுந்தது, இது சாப்பாட்டுச் செபம் இல்லை, சவக்காலையில் செத்தவர்களுக்குச் சொல்வது, நித்திய இளைப்பாற்றி கேட்பது... கண்ணைத் திறந்தாள். இங்கே பிறந்த டயனாவுக்குத் தமிழில் எல்லாச் செபமும் ஒன்றுதான், தலையைக் குனிந்து பழக்கத்தில் ஆமென் என்றாள். றேமன்ட் குச்சியைக் கீழே வைத்துவிட்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு இன்னும் அவள் கையில் இருந்தது, இனி இதைத் தின்றால்தான் என்ன, திரும்ப வைத்தால்தான் என்ன...