கிழக்கே சூலம்

ஆண்டிச்சாமியிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. எதையும் முடியாது என்று சொல்லவே மாட்டார். "செஞ்சுருவோம்" என்பார், செய்யாமலே ஆறப்போட்டுவிடுவார். இத்தனை வருஷம் கூடவே குப்பை கொட்டிய சோலையம்மாளுக்கே அது பிடிபட இவ்வளவு காலம் ஆயிற்று என்றால் மனுஷர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலங்காநல்லூருக்குப் பக்கத்தில்தான் ஊர். ஒரே மகள் மாயக்காள். சோலையம்மாளின் அண்ணன் மகனுக்கு என்று தொட்டிலில் கிடக்கும்போதே பேசி வைத்த பெண். அவள் என்னடாவென்றால், கையகல நிலம்கூட இல்லாத பால்பாண்டியோடு அழகர்கோயிலுக்குப் போய் மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஆண்டிச்சாமி ஊர் பார்க்கத் தலை முழுகினார். மகள் பேரை அப்புறம் அந்த வீட்டில் எடுக்கக்கூடாது. அந்த வருஷம் மழையும் பொய்த்தது. வேலைக்கு அலைந்து அலுத்துப்போன பால்பாண்டி, கங்காணி பேச்சைக் கேட்டு, சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் பெண்டாட்டியோடு புறப்பட்டுவிட்டான்.

சேதி வந்தது வெள்ளிக்கிழமை பொழுது சாய. கொண்டு வந்தவன் கீழண்டை வீட்டு வண்டிக்காரன் பேயாண்டி.

"மதினி, சிலோனுக்குப் போறவகளை நோய்நொடி பாக்க வச்சிருக்காகள்ல, அந்த மண்டபம் கேம்ப்புல மாயக்கா இருக்காம். உடம்பு சரியில்லைன்னு டாக்டரு திருப்பி அனுப்புன ஆளு ஒருத்தரை மதுரையில பாத்தேன், அவருதான் சொன்னாரு. செவ்வாக்கிழமை மத்தியானம் எல்லாரையும் கப்பலேத்துறாகளாம். அதுக்குள்ள ஆத்தாளை ஒரு தடவ பாத்துரணும்னு அழுகுதாம். முழுகாம வேற இருக்காம்."

வயிற்றுப்பிள்ளைக்காரி கடல் தாண்டிப் போகிறாள். இனி எந்தக் காலத்தில் பார்க்க? சோலையம்மாள் நேரே புருஷனிடம் போய் நின்றாள். அவர் கத்தவில்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை.

"போவோம். யாரு வேணாம்னா? எதுல போறதுன்னு சொல்லு" என்றார்.

அவளும் பைத்தியக்காரி, நம்பி உட்கார்ந்து பேசினாள். ரயில் என்றாள். "ராத்திரி ரயிலு. கண் அசந்தமோ, மண்டபம் தாண்டிக் கடலுக்குள்ள கொண்டுபோயிருவான்" என்றார். பஸ் என்றாள். "மானாமதுரை தாண்டிட்டா வெறும் மணலு. நடுக்காட்டுல நின்னுச்சுன்னா நீயா எறங்கித் தள்ளுவ?" என்றார். சரி, சொந்த வண்டி இருக்கிறதே என்றாள். "வலத்தைமாடு நொண்டுறது உன் கண்ணுக்குத் தெரியலையாக்கும்" என்றார். கடைசியில், "எதுல போனா என்ன, விடிஞ்சா சனிக்கிழமை. கிழக்கே சூலம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

சனியும் திங்களும் கிழக்கே சூலம். அந்த நாளில் அந்தத் திசைக்குப் புறப்பட்டுப் போனால் போன காரியம் கெடும், ஆளுக்கும் ஆகாது. கடல் இருப்பதோ கிழக்கே. சூலத்தோடு யார் மல்லுக்கட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை ஆண்டிச்சாமி, "வண்டி விசாரிச்சிட்டு வாரேன்" என்று மதுரைக்குக் கிளம்பினார். நல்ல நாளில் பெண்டாட்டியை விட்டுவிட்டு விசாரிக்க மட்டும் போகிற மனுஷரை என்ன சொல்ல! அவர் தலை மறைந்ததும் சோலையம்மாள் ஒரு காரியம் செய்தாள். மகளுக்கென்று எடுத்து வைத்த சேலை, கண்ணாடி வளையல், கருப்பட்டி, நாலு அதிரசம் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினாள். கொண்டுபோய்க் கிழக்கே இருக்கிற பேயாண்டி வீட்டில் வைத்தாள். இதற்குப் புறப்பாடு வைப்பது என்று பேர். கொண்டுபோகிற சாமான் முதல் நாளே அந்தத் திசையில் படி தாண்டிவிட்டால் ஆளும் அன்றைக்கே புறப்பட்டதாகத்தான் அர்த்தம். மறுநாள் சூலம் ஒன்றும் செய்யாது. ஒன்றே ஒன்று, வைத்த சாமான் திரும்ப வீடு ஏறிவிடக்கூடாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆண்டிச்சாமி வந்தார். "இன்னைக்கு வண்டி அம்புட்டும் போயிருச்சு. இனி நாளைக்குத்தான்" என்றார், மூஞ்சியைப் பாவம்போல வைத்துக்கொண்டு.

"நாளைக்கே போவோம். புறப்பாடு வச்சாச்சு" என்றாள் அவள். அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அவளுக்கு அன்றைக்குத்தான் இரண்டு நாளைய பசி எடுத்தது.

திங்கட்கிழமை காலையில் கண் விழித்தால், தானியக் குலுக்கைக்குப் பக்கத்தில் அந்த மூட்டை உட்கார்ந்திருக்கிறது. புருஷனைக் காணோம். பேயாண்டி வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணன்தான் மதினி, ராத்திரி வந்து வாங்கிட்டுப் போனாக. இங்கன கெடந்தா நாய் இழுத்துட்டுப் போயிரும்னாக."

"இப்ப எங்க அவரு?"

பேயாண்டி தலையைச் சொறிந்தான். "விடியக்கருக்கல்லயே ஒத்தக்கடைப் பக்கம் மாடு பாக்கப் போயிட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?"

ஒத்தக்கடை கிழக்கே இருக்கிறது. சூலத்தன்று, கிழக்கே, மாடு பார்க்க! அட பாவி மனுஷா என்று சோலையம்மாள் வாய்விட்டே சொன்னாள். இரண்டு நாளாக நடந்ததெல்லாம் அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று.

"நீங்க வாங்க மதினி, நான் கொண்டாந்து விடுறேன். சாயங்கால ரயிலைப் பிடிச்சா விடியும்போது மாயக்கா மொகத்துல முழிக்கலாம்" என்றான் பேயாண்டி. வண்டியையும் பூட்டினான்.

சோலையம்மாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். அதோடு நின்றுவிட்டாள். சூலம் அவருக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். அவளுக்கோ அது மெய். புறப்பாடு வேறு திரும்பி வந்துவிட்டது. தான் இன்றைக்குப் படி தாண்டி, நாளைக்கு நடுக்கடலில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏதாவது ஒன்று ஆகிப்போனால்? அவர் அதைத் தெரிந்துதானே செய்தார்! தெரிந்தும் அவளால் காலை எடுத்து வைக்க முடியவில்லை. பேயாண்டி வெகுநேரம் காத்திருந்துவிட்டு மாட்டை அவிழ்த்தான். அவள் நடையிலேயே உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

செவ்வாய் கோழி கூப்பிடக் கிளம்பிவிட்டாள். "தனியாவா போற?" என்றார் ஆண்டிச்சாமி படுத்தபடியே. அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பேயாண்டி வண்டியில் மதுரை. அங்கிருந்து ராமநாதபுரம் பஸ். ஊருக்கு ஊர் நின்று, ஆளுக்கும் மூட்டைக்கும் காத்து, தண்ணீர் ஊற்றி, ஆடி அசைந்து போயிற்று அந்தச் சனியன். ராமநாதபுரத்தில் ரயில் ஏறி மண்டபத்தில் இறங்கும்போது வெயில் தணிந்துவிட்டது. கேம்ப் வாசலில் ஒருத்தி கூட்டிக்கொண்டிருந்தாள். சுந்தரம்மாள் என்று பேர்.

"மாயக்காளா? மதுரைப் பக்கத்துப் புள்ளையா? மத்தியானமே கப்பலேத்திட்டாகளே ஆத்தா. நீதான் அது ஆத்தாளா?"

சோலையம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஒவ்வொரு ரயிலு சத்தத்துக்கும் இந்தக் கம்பிகிட்ட ஓடியாந்துரும். எங்க அப்பா கூட்டியாருவாக, அவருக்குக் கோவமெல்லாம் வாயோட சரி, என்னையப் பாக்காம இருக்கமாட்டாகன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அப்பா அப்பான்னுதான் உசிரா கெடந்துச்சு."

மூட்டையை அடுத்த கூட்டத்தில் போகிற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சோலையம்மாள் அன்றிரவு கேம்ப் வாசலிலேயே கிடந்தாள். மறுநாள் ரயிலேறினாள்.

ஆண்டிச்சாமி ஊர் எல்லையிலேயே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. முகத்தில் இரண்டு நாள் தாடி.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா."

அவர் கூடவே நடந்தார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"என்னையக் கேட்டாளா?"

சோலையம்மாள் அவர் முகத்தை நிமிர்ந்து, நன்றாகப் பார்த்தாள்.

"இல்லை. கப்பலேத்துற வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். உங்க பேச்சே எடுக்கலை."

ஆண்டிச்சாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போய், பானையில் இருந்த கஞ்சியை ஊற்றிக் குடித்தாள்.