வெளியே போகாத காலடிகள்

1

இந்தக் கதையை நான் ஒரு வீட்டுத் தரையிலிருந்து எடுத்தேன். கிறிஸ்மஸ் காலத்தில், ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் தெரிந்தவர் வீட்டுக்கு நத்தார்ப் பலகாரத்தோடு போனபோது, வாசலிலிருந்து குசினி வரை கோதுமை மாவில் குட்டிக் குட்டிக் காலடிகள். எல்லாம் உள்ளே வந்தவை. வெளியே போனது ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். வீட்டுக்காரி சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டார். மிச்சமெல்லாம் என் கற்பனை.

2

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு டிசம்பர் மாலையில்...

(வேண்டாம். ஒஸ்லோக் கதை பனியில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?)

2006, டிசம்பர். தங்கேஸ்வரி, மகள் துஷ்யாவைக் குளிக்க விட்டுவிட்டு, மடக்கிய கையின் பக்கவாட்டை மாவில் தோய்த்துத் தரையில் அழுத்துகிறாள். மேலே விரல்நுனியால் ஐந்து புள்ளி. கால் தயார். துஷ்யா போகும் சிறுவர் பூங்காப் பள்ளி ஆசிரியை சொல்லியிருந்தார்: சிவப்புத் தொப்பிக் குள்ளன் நிஸ்ஸெ நத்தாருக்கு வீடுவீடாக வருவான், வெண்ணெய் போட்ட பாற்கஞ்சி வைத்தால் குடித்துவிட்டுப் போவான். சைவ சமய வீட்டில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். "எங்கடை வீட்டுக்கு மட்டும் வரேல்லை" என்று பிள்ளை நாளைக்கு முகம் வாடக் கூடாதே. கஞ்சியைத் தங்கேஸ்வரியே நின்ற நிலையில் குடித்து முடித்தாள்.

3

புருசனை என்ன செய்வது? முதலில் பத்மநாதனைக் குடிகாரனாக எழுதினேன். பிறகு வெட்கப்பட்டு அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் நல்லவன். சுகமில்லாத தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் போனான். ஆகஸ்டில் சண்டை மூண்டு கொழும்புக்குப் போகும் பாதை பூட்டுப்பட, அங்கேயே அகப்பட்டுக்கொண்டான்.

விமான நிலையத்தில் அவசரத்தில், "சரி, போறன்" என்றான். "போயிட்டு வாறன்" என்று சொல்லவில்லை. நம்மில் யாராவது வாசலில் "போறன்" என்போமா? தங்கேஸ்வரிக்கு அந்தச் சொல் மீன்முள்ளாகத் தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் வெளியே போகும் காலடியை வரைய அவளுக்கு மனம் வரவில்லை.

4

"அம்மா! நிஸ்ஸெ வந்திட்டுது! கஞ்சியும் குடிச்சிட்டுது!" துஷ்யா ஈரத் தலையோடு துள்ளினாள். "திரும்பிப் போன கால் எங்கை?"

"அவர் போகேல்லையம்மா. இஞ்சைதான் எங்கையோ ஒளிச்சிருக்கிறார்."

சோபாவுக்குக் கீழே தேடினாள், அலுமாரிக்குள் தேடினாள். பிறகு வாசலில் கழற்றி வைத்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள்.

"அவருக்கு வீட்டிலை பிள்ளையள் இல்லையோ?"

"இருக்கும்."

"அப்ப அவையள் கதவைப் பாத்துக்கொண்டெல்லோ இருப்பினம். அவரைப் போக விடுங்கோ அம்மா."

(ஐந்து வயதுப் பிள்ளை இப்படிக் கதைக்குமா என்பீர்கள். தகப்பனைத் தேடுகிற பிள்ளை கதைக்கும்.)

5

முடிவு ஒன்று: தொலைபேசி அடிக்கிறது. பத்மநாதன் கொழும்புக்கு வந்துசேர்ந்து...

(அழித்தேன். அந்த வருசம் எத்தனை வீட்டில் அப்படி அடித்தது?)

முடிவு இரண்டு: தரையைத் துடைத்துவிட்டு, "நிஸ்ஸெ எல்லாம் பொய்" என்கிறாள். மாட்டேன். அவ்வளவு கல்நெஞ்சு எனக்கில்லை.

மகளைத் தலை துவட்ட அனுப்பிவிட்டு, தங்கேஸ்வரி மாவுக்குள் கையை வைத்தபடி இருக்கிறாள். கதவைப் பார்த்த முதல் காலடியை வைக்க எனக்கும் கை வரவில்லை. நீங்கள் வையுங்கள். வைத்தால், துஷ்யாவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்துங்கள். "போயிட்டு வாங்கோ" என்று அவள் சொல்லட்டும், தாய்க்கும் கேட்கும்படி.