மிதி, பிடி, விடு

பிரேக் ஆயிலில் புகுந்துவிட்ட காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் குனிந்து, காற்று வெளியேறுகிற சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். எங்கள் ஷெட்டில் மிதிப்பது நான், திறப்பது என் வீட்டுக்காரர். "மிதி" என்பார், மிதிப்பேன். "புடி" என்பார், அழுத்திப் பிடிப்பேன். "விடு" என்றால் விடுவேன். கல்யாணமான நாள் முதல் அவர் சொல்லி நான் எதிர்த்துப் பேசாமல் செய்கிற ஒரே வேலை இதுதான்.

அன்றைக்கு நின்றது நர்ஸம்மாவின் கார். முன்சக்கரம் இரண்டையும் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்களை முந்தின நாள் என் வீட்டுக்காரர் கழற்றி, ரப்பர் மாற்றி, திரும்ப மாட்டியிருந்தார். சாயங்காலம் வண்டி எடுக்க வந்துவிடுவார்கள். பெடலோ பஞ்சு மாதிரி உள்ளே போனது.

போன மாதம் அவர் ஒரு வண்டியைச் சக்கர நட்டு முடுக்காமலே அனுப்பப் பார்த்தார். வாசலில் என் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். மறதி இனிமேல் கூடத்தான் செய்யும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். "இன்னொரு தப்பு நடந்தா நான் ஸ்பேனரத் தொட மாட்டேன். உன் மேல சத்தியம்" என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இந்த ஷெட்ட விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். அதனால் இந்தப் பெடலுக்கு வந்த கோளாறு அவர் கையால் வந்ததாக மட்டும் இருக்கக் கூடாது என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

"மெதுவா அழுத்திப் புடி. கால் கீழ எறங்குதா?"

"இல்லங்க. ஒரு எடத்துல நிக்குது."

"அப்ப மாஸ்டர் சிலிண்டர் நல்லாத்தான் இருக்கு." நான்கு சக்கரத்தையும் தடவிப் பார்த்தார். எங்கும் ஆயில் கசியவில்லை. "இப்ப சடசடன்னு மிதி."

மிதித்தேன். பெடல் கொஞ்சம் மேலே வந்தது.

"காத்துதான். எடுத்துடலாம்."

கோளாறு கண்டுபிடிப்பதில் மனிதர் கில்லாடி. அந்தப் பக்கம் மறதி எட்டிக்கூடப் பார்க்கவில்லையே என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மிதி, புடி, விடு. மிதி, புடி, விடு. ஒரு டப்பா ஆயில் தீர்ந்து அடுத்ததைத் திறந்தோம். நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழி வருவது எப்போதோ நின்றுவிட்டது. பெடல் மட்டும் பஞ்சாகவே இருந்தது. "வெறும் ஆயில்தான் வருது, காத்தே இல்லையே" என்று தலையைச் சொறிந்துகொண்டு, முடித்த சக்கரத்துக்கே மறுபடியும் போனார். எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.

காலை உதறலாம் என்று இறங்கியபோதுதான் பார்த்தேன். நிப்பிள் கீழ்ப்பக்கம் இருந்தது. காற்று மேலேதான் ஏறும், அதனால் நிப்பிள் மேலேதான் இருக்க வேண்டும். இங்கே இடது காலிப்பர் வலது பக்கம் உட்கார்ந்திருந்தது, வலது இடது பக்கம். மேலே காற்று ஜம்மென்று குடியிருக்க, நாங்கள் காலையிலிருந்து கீழே ஆயிலை வடித்துக்கொண்டிருந்தோம். வேலை கற்க வருகிறவர்கள் செய்கிற தப்பு. அப்படிச் செய்தவர்களை அவர் உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறார். இப்போது அதற்கு நேர் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தெரியவில்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் மேல் கோபப்படுவது?

"ஏங்க, அந்த நிப்பிளப் பாருங்க."

பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "யாரு மாட்டினது இத?"

நடிப்பில்லை. நிஜமாகவே கேட்டார்.

"நான்தாங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. "நேத்து நீங்க சாப்பிடப் போனப்ப."

"அறிவிருக்கா உனக்கு? அந்தம்மா உயிரு இதுலதான் இருக்கு. தெரியலன்னா கேக்கறதுக்கென்ன?"

தலையைக் குனிந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே இரண்டையும் கழற்றினார், துடைத்தார், பக்கம் மாற்றி மாட்டினார். வாஷரைக்கூடப் புதிதாகப் போட்டார். அந்தக் கைகளுக்கு ஒரு மறதியும் இல்லை. மறுபடி ஏறி உட்கார்ந்தேன். நிப்பிளை முதல் தடவை திறந்ததும் காற்று புஸ்ஸென்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் பெடல் இறுகியது.

"எப்படி?"

"கல்லு மாதிரி இருக்குங்க."

சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. அதோடு விட்டால் நாளைக்கும் சிரிப்பார். நாளைக்கு வேறு வண்டி நிற்கும், அதன் தப்பு என் கண்ணில் படாமலே தெருவுக்குப் போகும், அதில் யாரோ வீட்டுப் பிள்ளைகள் இருக்கும்.

"நான் மாட்டலங்க. நீங்கதான் மாட்டினீங்க."

கையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அப்ப ஏன் நீன்னு சொன்ன?"

"கடைசி வண்டிய நீங்களே சரி பண்ணணும்னு நெனச்சேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படவில்லை. சத்தியத்தை நான் ஞாபகப்படுத்தவும் வேண்டியிருக்கவில்லை. வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். வேலை முடித்த வண்டியை ஓட்டிப் பார்ப்பது எப்போதும் அவர்தான்.

"நீயே ஒரு சுத்து போயிட்டு வா."

போனேன். மேட்டில், வளைவில், கடைத்தெரு நெரிசலில், எங்கே மிதித்தாலும் வண்டி சொன்ன இடத்தில் நின்றது. அழுதுகொண்டே ஓட்டினேன். திரும்பி வந்தபோது அவர் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புடிக்குதா?"

"நல்லா புடிக்குதுங்க."

"நர்ஸம்மா வந்து கேட்டா, நீதான் செஞ்சேன்னு சொல்லு" என்றார். "நான் செஞ்சேன்னு சொல்லாத. பயந்துடுவாங்க."