பத்தொன்பது நாள் வீடு

2006ஆம் வருடம் திருவண்ணாமலை பஸ் நிலையத்திலிருந்து வேங்கிக்காலுக்கு ஆட்டோ நாற்பது ரூபாய், பத்து நிமிடம். சக்திவேலுக்கு மட்டும் பத்தொன்பது நாள் நடை. சாலை அதேதான், வீடும் அதேதான். ஒரு பெரிய வங்கியின் செல்போன் சேவைக்கே தலைவராக இருந்தவருக்கு இப்படியா என்று ஊரில் சிலர் கேட்டார்கள். ஆட்டோக்காரர்கள் கேட்கவில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது.

ஆரம்பித்தது 1989இல், மாவட்டம் பிரிந்த அதே வருடம். கல்யாணமாகி நாலு மாதத்தில் சக்திவேல் தேரடித் தெருவில் எஸ்.டி.டி. பூத் திறந்தான். வீட்டுக்கும் ஒரு போன் வாங்கிப் போட்டிருந்தான். மனைவி ரேவதிக்குக் கைராசி என்று பெயர். போணி அழைப்பு அவளுக்குத்தான் என்று ரிசீவரை எடுத்தவனை நண்பன் வேணு தடுத்தான். வேணு ஆட்டோ ஓட்டுபவன். "இத்தாம் பெரிய போர்டுல எஸ்.டி.டி.னு எழுதிட்டு லோக்கல் கால்ல போணி பண்றியாடா? வெளங்கிடும்." சொன்னது நியாயமாகப் பட்டது. சக்திவேல் சொந்த ஊரின் கோடு எண்ணையே முன்னால் சேர்த்துச் சுழற்றி, நாலு கிலோமீட்டரில் இருந்த மனைவியை வெளியூர்க்காரியாக அழைத்தான். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின. "சாப்ட்டீங்களா?" என்றாள் அவள். அன்று மாலை சைக்கிளில் கால் மணி நேர வீட்டுக்கு நாற்பது நிமிடம் ஆனது. டயரில் காற்று கம்மி என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு தூரம் கூடுவது நின்றபாடில்லை. 1994இல் வேணு அவனை ஆட்டோவில் ஏற்றிப்போய் வீட்டு வாசலில் திரும்பிப் பார்த்தால், சீட் காலி. பாதி வழியில் ரோட்டோரம் டிபன் கேரியரோடு நடந்துகொண்டிருந்தான் சக்திவேல். வேணு பாதிக் கட்டணம் வாங்கிக்கொண்டான். ரேவதி எதிரே வந்தாலும் பலனில்லை. 1997இல் ராஜகோபுரத்தடியில் அவள் நிற்க, நூறடி தள்ளி நின்றவன் காலை ஒன்பது மணிக்கு அவளை நோக்கி நடந்தான். மாலை ஐந்துக்கும் நூறடிதான். குழாயில் தண்ணீர் விடும் நேரமாகிவிட்டது என்று சைகை காட்டிவிட்டு அவள் கிளம்பினாள். நேரில் போக முடியாதவன் போனில் பேசினான். வேறென்ன செய்வான்?

தொழிலில் மட்டும் அவனுக்கு எல்லாம் கிட்டே வந்தது. பேஜர் ஏஜென்சி எடுத்தான். 1999இல் ஒரு செல்போன் கம்பெனிக்கு மாவட்ட மேலாளர் ஆனான், நாற்பத்தொரு டவர் நட்டான். செங்கம் சாலையில் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு சிம் விற்றதிலேயே ஒரு பதவி உயர்வு கிடைத்தது. சென்னையில் மண்டலத் தலைவரானதும் அழைப்புக் கட்டணத்தைக் குறைத்தான், மறுபடி குறைத்தான். பேச்சு மலிய மலிய ரேவதியோடு ஜாஸ்தி பேசினான். குழம்பு கொதிப்பதும் பக்கத்து வீட்டுச் சண்டையும் அவனுக்கு போனிலேயே கேட்டன. 2003இல் வீடு ஆறு நாள் நடையில் இருந்தது. 2005இல் ஒரு பெரிய வங்கி தன் செல்போன் சேவைக்குத் தலைவராக அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. தொடக்க விழாவில், "இனி உங்களுக்கும் வங்கிக்கும் நடுவே தூரமே இல்லை" என்று பேசிக் கைதட்டு வாங்கினான்.

மறு வருடம் ஒரு மதியம், பழைய போன் பில்களை எக்செல்லில் ஏற்றிப் பார்த்தான். ஒரு பத்தியில் அவளோடு பேசிய நிமிடங்கள், அடுத்ததில் வீட்டுக்கு நடந்த நாட்கள். வரைபடத்தில் இரண்டு கோடும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறின. உடனே அவளை அழைத்துச் சொன்னான். அந்த அழைப்புக்கே சாலை இரண்டு மணி நேரம் நீண்டது. பேசுவதை நிறுத்திவிட்டு நடப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

முப்பது நாள் விடுப்பில் வந்தவனுக்கு பஸ் நிலையத்தில் வேணு புளிசாதம் கட்டிக் கொடுத்தான்.

"போனை ஆஃப் பண்ணுடா."

"ஆபீஸ்ல கூப்புடுவாங்கடா."

"அதான் உன் வியாதி."

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு நீல கேட் தெரிந்தது. கொடியில் அவள் புடவை. இன்னும் நாற்பதடி. உள்ளே ரேவதி நாள் எண்ணி முடித்து, அரிசி களைந்து வைத்திருந்தாள். சோறு வைக்கிறேன் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு மிஸ்டு கால்தான் வழக்கம். மிஸ்டு காலுக்குக் காசில்லை, அதனால் சாலையும் கண்டுகொள்ளாது என்று அவள் நினைத்தாள். ஒரே ஒரு மணி அடிக்கவிட்டு வைத்தாள். வந்த மிஸ்டு காலைத் திருப்பிக் கூப்பிடாமல் விட்டவனல்ல சக்திவேல். கட்டைவிரல் தானாக அழுத்திவிட்டது.

"சொல்லு ரேவதி."

"ஐயோ, ஏங்க பண்ணீங்க?"

அடுத்த நொடி சக்திவேல் பஸ் நிலையத்தில், வேணுவின் ஆட்டோ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வேணு பீடியைக் கீழே போட்டான். "என்னடா, தேங்கா வாங்கப் போனவன் மாதிரி வந்து நிக்கிற?"

விடுப்பில் பதினோரு நாள் பாக்கி. மறுபடி நடந்தான். ஒன்பதாம் நாள் ரேவதியே அழைத்தாள். "பேசாம இத்தினி நாள் என்னால முடியலைங்க. செத்துட்டீங்களோனு இருக்குது. வராட்டியும் போவுது, பேசுங்க." அவன் மீண்டும் பஸ் நிலையத்தில் நின்றான். பேசினான். விடுப்பு முடிந்தும் திரும்பாதவனுக்கு வங்கி அனுப்பிய வேலைநீக்கக் கடிதம் இரண்டே நாளில் வீடு போய்ச் சேர்ந்தது. அவள் அதை அவனுக்கு போனில் படித்துக் காட்டினாள்.

2009இல் ரேஷன் அட்டை சரிபார்க்க வந்த மணியம்மாள், ஆள் இல்லாத பெயர்களை அடித்துக்கொண்டே வந்தாள். ரேவதி காதில் போனோடு கேட்டைத் திறந்தாள்.

"வூட்டுக்காரரு எங்கம்மா?"

"வந்துனு இருக்காரு."

"எப்ப வருவாரு?"

ரேவதி போனில் கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டாள், ஆனால் திருப்பிச் சொல்லவில்லை. மணியம்மாள் சக்திவேல் பெயரை அடிக்காமல், பக்கத்துக் கட்டத்தில் 'வழியில்' என்று எழுதி, எப்போதும் உண்டான சர்க்கரை அளவை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.